பூட்டு என்றுதான் சொன்னேன்

ஒருவருக்கு ஒட்சிசன் வைத்துவிட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் சொன்னால், கேட்பவர் அடுத்துக் கேட்பது, "வெளிநாட்டிலை இருக்கிற பிள்ளையளுக்கு அறிவிச்சாச்சோ?" என்பதுதான். ஒட்சிசன் வைத்த ஆள் எழும்பி நடந்ததை இணுவிலில் எவரும் கண்டதில்லை. ஆகவே எண்பத்தைந்தாம் ஆண்டு எனக்கு ஒட்சிசன் வந்து சேர்ந்தபோது, அதைத் தோளில் கொழுவிக்கொண்டு நான் சந்திக்கடைக்குப் பேப்பர் வாங்கப் போனதை ஊர் மன்னிக்கவேயில்லை.

நான் நில அளவையாளன். முப்பது வருடம் வலிகாமத்துத் தோட்டங்களையும் வளவுகளையும் சங்கிலி இழுத்து அளந்தவன். அந்த முப்பது வருடமும் என் மற்றக் கையில் சிகரெட் இருந்தது. அதை யாரும் என் வாயில் திணிக்கவில்லை. குற்றம் முழுக்க என்னுடையதுதான். ஐம்பத்தாறாவது வயதில் கிணற்றடிக்குப் போய் வரவே மூச்சு வாங்கத் தொடங்கியது. நெஞ்சு டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சுவாசப்பை பழைய பலூன் மாதிரித் தொய்ந்துவிட்டது, இனி இறுகாது என்றார்.

"ஆனா அதுக்காகப் படுத்திடாதேங்கோ. படுத்தியளெண்டால் கால் போயிடும், பிறகு எழும்பமாட்டியள். ஒட்சிசனோடை நடவுங்கோ. ஏலுமான வேலையைச் செய்யுங்கோ" என்றும் சொன்னார்.

இதை நான் கேட்டேன். பக்கத்தில் இருந்த என் மனைவி கேட்கவில்லை. பழைய பலூன் என்ற இடத்திலேயே அவள் அழத் தொடங்கிவிட்டாள்.

நடக்கச் சொல்வது சுலபம். ஆஸ்பத்திரியில் இருக்கிற ஒட்சிசன் சிலிண்டரை இரண்டு பேர் உருட்டவேண்டும். அதோடு எங்கே நடப்பது? வல்வெட்டித்துறையில் எனக்கொரு சிநேகிதர், கப்பல் இஞ்சினியர். அவர் சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னச் சிலிண்டர் கொண்டுவந்து தந்தார். முழங்கை நீளம், தோளில் போட ஒரு கன்வஸ் பை, தலையில் திருகுகிற ஒரு குமிழ், அதற்கு மேல் பூட்டுவதற்கு ஊசி காட்டும் மீற்றர், மீற்றரிலிருந்து மூக்குக்கு வரும் மெல்லிய ரியூப். பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அதை நிரப்பப் போனால், சிங்கப்பூர்ச் சிலிண்டரின் வாயும் எங்கள் ஊர்ச் சிலிண்டரின் வாயும் பொருந்தவில்லை. யாழ்ப்பாணம் டவுனில் ஒரு லேத் பட்டறைக்காரர் இரண்டு வாயையும் இணைக்கப் பித்தளையில் ஒரு துண்டு கடைந்து தந்தார். "வெல்டிங் வேலைக்கோ?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றேன். என்னைத் தலை முதல் கால்வரை பார்த்துவிட்டு, இறுக்கமாயிருக்கிறது, கொஞ்சம் எண்ணெய் விடுவோம் என்று எண்ணெய்க் குடுவையை எடுத்தார். ஒட்சிசனில் எண்ணெய் பட்டால் தீப்பிடிக்கும் என்று நான் கத்திய கத்தலில் எனக்கு அன்று முழுக்கப் பேச்சு வரவில்லை.

அதை நிரப்பினால் இரண்டு மணித்தியாலம் வரும். என்னிடம் ஆரம்பத்திலிருந்து வேலை செய்யும் சங்கிலிக்காரர், என்னைவிட நாலு வயது மூத்தவர், அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் நிரப்பி வருவார். வழியில் யாராவது கேட்டால், "ஐயாவின்ரை மூச்சு" என்பாராம்.

முதல் மாதம் முழுக்க வீட்டில் சனம். பிஸ்கற் பெட்டியும் தோடம்பழமுமாக வருவார்கள். நான் கட்டிலில் கிடக்கவில்லை என்று கண்டதும் முகம் மாறும். சாவகச்சேரியிலிருந்து ஒன்றுவிட்ட அக்கா ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்தார். படலையிலேயே அழத் தொடங்கி, அழுதபடி முற்றத்துக்கு வந்து, கத்தரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்ற என்னிடமே, "அவன் எங்கை கிடக்கிறான்?" என்று கேட்டார். நான்தான் அக்கா என்றேன்.

"மூக்கிலை வயரையும் வைச்சுக்கொண்டு ஏன்டா வெளியிலை நிக்கிறாய்?" என்று ஏசினார். அழுகை வீணானதில் அவருக்கு உண்மையாகவே கோபம்.

இன்னொரு பெரியவர் சிலிண்டருக்குப் பக்கத்துக் கதிரையில் வசதியாக இருந்து, மடியிலிருந்து சுருட்டை எடுத்து, நெருப்புப் பெட்டியையும் எடுத்தார். நான் பாய்ந்து பறித்தேன். "உது வெறுங் காத்துத்தானே தம்பி" என்றார். கோயிலிலும் இதே பாடுதான். ஐயர் கற்பூரத் தட்டோடு என்னிடம் வந்தபோது நான் மூன்றடி பின்னுக்குப் போனேன். மூக்கில் ஒட்சிசனோடு நெருப்பில் கையை வைத்து முகத்தில் ஒற்ற முடியுமா? அடுத்த கிழமை, நான் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டேன் என்று கதை வந்தது. ஆரோ பாதிரியார்தான் எனக்கு ஒட்சிசன் தந்தவராம்.

ஊரைச் சமாளிக்கலாம். வீட்டில் இருந்தவளைத்தான் சமாளிக்க முடியவில்லை. மீற்றர் இல்லாவிட்டால் சிலிண்டர் வெறும் இரும்பு என்பதை அவள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள். நான் வெளிக்கிட நினைத்த நாளெல்லாம் மீற்றர் காணாமற்போகும். ஒருநாள் அரிசிப் பானைக்குள் இருந்தது. கண்டுபிடித்தேன். அடுத்த முறை மூன்று நாள் தேடினேன். சாமியறையில் முருகன் படத்துக்குப் பின்னால் இருந்தது.

"நீங்கள் கடைசியாத் தேடுற இடம் அதுதானெண்டு எனக்குத் தெரியும்" என்றாள்.

"டொக்டர் நடக்கச் சொன்னவரடியப்பா!"

"டொக்டருக்கு என்ன? றோட்டிலை கிடந்தியளெண்டால் தூக்கப்போறது நான்."

கோபத்தில் சாப்பிடாமல் இருந்தேன். சாப்பிடாமல் இருந்தால் இன்னும் மூச்சு வாங்கியது. அவளோ, பார்த்தீர்களா, வீட்டிலேயே இப்படி வாங்குகிறது என்றாள்.

இந்த நிலையில்தான் சண்டிலிப்பாயிலிருந்து இரண்டு சகோதரர்கள் வந்தார்கள். ஒரே நாளில் வந்தார்கள், ஆனால் சேர்ந்து வரவில்லை. காலையில் தமையன், பின்னேரம் தம்பி. தகப்பன் பிரித்துக் கொடுத்த காணியில் பக்கம் பக்கமாக வீடு, நடுவே வேலி. பதினொரு வருடமாகப் பேச்சில்லை, நன்மை தின்மைக்கும் போவதில்லை. ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கும்போது மற்றவன் கதியால் தடிகளைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நடுகிறான் என்பது இருவரின் முறைப்பாடும். இப்போது தமையன் மகளுக்குச் சீதனம் எழுதவேண்டும், அதற்குப் புதிய பிளான் வேண்டும். முதன்முதல் அந்தக் காணியைப் பிரித்து அளந்தவன் நான். வழக்குக்குப் போகலாமென்றால், நாட்டுச் சண்டையில் கோடு, அதாவது நீதிமன்றம், திறந்தும் திறவாமலும் கிடந்தது. நான் அளந்து சொன்னால் இருவரும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்கள்.

தமையன் கதிரை நுனியில் இருந்துகொண்டு சொன்னார்: "கெதியாச் செய்தால் நல்லது ஐயா. உங்களுக்கும் ஒண்டு நடக்கிறதுக்கு முன்னம்..."

பின்னேரம் தம்பியும் அதையே சொன்னார், கொஞ்சம் மரியாதையாக: "உங்கடை கையெழுத்துத்தான் வேணும் ஐயா. பிறகு ஆரைப் பிடிக்கிறது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் இருவரையும் படலைக்கு வெளியே அனுப்பியிருக்கவேண்டும். ஆனால் நான் ஏற்றுக்கொண்டேன். ஐந்து மாதமாக என்னிடம் வந்த முதல் வேலை அது. அதை விட்டால் அடுத்தது வராது. வேலை வராவிட்டால் கட்டில்தான். கட்டிலில் படுத்தால் டொக்டர் சொன்னபடி எழும்பமாட்டேன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். எனக்குச் சாகப் பயமில்லை என்று சொன்னால் பொய். கட்டிலில் கிடந்து சாவதற்குத்தான் கூடப் பயம்.

மனைவியோடு இரண்டு நாள் வழக்கு நடந்தது. கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். இந்த ஒரு முறை போகலாம். போன மாதிரியே என் காலால் நடந்து திரும்பி வந்தால், மீற்றரை அவள் இனித் தொடமாட்டாள். அப்படி வராவிட்டால் மீற்றர் அலுமாரிக்குள் போகும், திறப்புச் சாவி அவளிடம் இருக்கும், அதற்குப் பிறகு நான் வாய் திறக்கக்கூடாது. முருகன் படத்தின் மேல் கையை வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, வாடகைக் காரில் நானும் சங்கிலிக்காரரும் புறப்பட்டோம். வழியில் துவக்கோடு காவலுக்கு நின்ற இயக்கப் பெடியள் இரண்டு பேர் காரை மறித்தார்கள். என் மடியில் இருந்த சிலிண்டரைப் பார்த்ததும் இருவரும் இரண்டடி தள்ளி நின்றார்கள்.

"உதுக்குள்ளை என்ன ஐயா?"

"காத்து."

"காத்தோ? வெளியிலை கிடக்கிற காத்துக் காணாதோ?"

காணாது என்று விளக்க எனக்கு மூச்சுக் காணாது. மூக்கிலிருந்து ரியூபைக் கழற்றி அவன் கன்னத்தில் பிடித்தேன். அந்தச் சில்லென்ற காற்றுப் பட்டதும் சிரித்துவிட்டான். போகவிட்டார்கள். அந்தக் கிழமை என்னை நோயாளியாகப் பார்க்காத மனிதர்கள் அவர்கள் இருவரும்தான். குண்டு கொண்டு போகிறவனாக அல்லவா பார்த்தார்கள்.

சண்டிலிப்பாயில் தார் றோட்டு தம்பியின் படலையோடு போகிறது. தமையனின் படலை மறுபக்க ஒழுங்கையில். அந்த ஒழுங்கைக்குள் கார் போகாது. காரைத் தம்பியின் படலையில் விட்டுவிட்டு, பழைய எல்லைக்கல் தமையனின் வளவுப் பக்கம் இருந்ததால், சுற்றி நடந்து அங்கே போனோம். ஆறுதலாக நடந்தேன். பூவரசமரத்தடியில் கல்லைத் தோண்டி எடுத்தோம். நான் இருபது வருடத்துக்கு முன் வெட்டிய குறி அப்படியே இருந்தது. அதைத் தொட்டபோது வந்த சந்தோஷம் எனக்கு ஒரு மாத ஒட்சிசனிலும் வந்ததில்லை. சங்கிலியை விரித்தோம். சங்கிலிக்காரர் முன்னே இழுக்க, நான் பின்னே நின்று பார்த்து எழுதினேன். ஊசி பாதிக்கு மேல் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் தம்பி வரிச்சு இடைவெளியால் பார்த்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கம் தமையன் என் பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முக்கால் வேலை முடிந்துவிட்டது. நான் வேலியோரமாக அடுத்த மூலைக்கு நடந்தேன். அவசரப்பட்டேன், அது என் பிழை. கிளுவை முள்ளொன்று ரியூபில் கொழுவி இழுத்தது. முதுகுப் பக்கம் தொங்கிய பைக்குள் ரியூப் மீற்றரிலிருந்து கழன்றுவிட்டது. "சீ" என்று காற்றுப் போகும் சத்தம் கேட்டது. மூக்கில் ஒன்றும் வரவில்லை. பையை எட்டத் திரும்பினேன். அந்தத் திரும்பலிலேயே மூச்சு முழுதாக முட்டிவிட்டது. பின்னால் சங்கிலிக்காரர் ஓடிவந்தார். ஒரு சொல்லுக்குத்தான் நெஞ்சில் காற்று இருந்தது.

"பூட்டு!" என்றேன்.

ரியூபை மீற்றரில் பூட்டு என்று அர்த்தம். சைக்கிளுக்குச் சில்லுப் பூட்டுவது மாதிரி, வண்டியில் மாட்டைப் பூட்டுவது மாதிரி. ஆனால் எங்கள் ஊரில் தண்ணீர்ப் பைப்பை மூடுவதும் பூட்டுவதுதானே! காற்று வீணாகப் போகிற சத்தம் கேட்கிறது, ஐயா பூட்டு என்கிறார். அந்த மனிதன் என்ன செய்வார்? சிலிண்டர் தலையில் இருந்த குமிழைத் திருகிப் பூட்டிவிட்டார். சத்தம் நின்றது.

"பூட்டியாச்சு ஐயா!"

மூக்கில் காற்று இல்லை. "பூட்டு!" என்றேன் மறுபடியும்.

இன்னும் இறுக்கினார். முப்பது வருடம் சங்கிலி இழுத்த கை அது.

"பூட்டு!"

"இனிப் பூட்ட ஏலாது ஐயா! இவ்வளவுதான்!" என்று அவர் அழுகிற குரலில் சொன்னார்.

இந்த உலகத்தில் எத்தனையோ சொல் இருக்க, எனக்கு வாய்த்தது அந்த ஒன்று. இன்றைக்கும் நினைத்தால் ஆத்திரமாக இருக்கிறது. நான் வேலியோடு சரிந்து நிலத்தில் இருந்துவிட்டேன். அப்போதுதான் அவர் தொங்கிய ரியூபைக் கண்டு எடுத்து மீற்றரில் சொருகினார். ஆனால் குமிழ் பூட்டிக் கிடக்கிறதே, காற்று எங்கிருந்து வரும்? மீற்றரின் ஊசி பூச்சியத்தில் கிடந்தது. அதை அவர் பார்த்தார்.

"ஊசி விழுந்திட்டுது. காஸ் முடிஞ்சு போச்சு" என்றார். பிறகு தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டார். நானும் அதை நம்பினேன். மூச்சு முட்டுகிறவனுக்கு யோசிக்க வராது.

இனிக் கதையைக் கேளுங்கள். கார் தம்பியின் படலையில். நான் தமையனின் வளவில். ஒழுங்கையால் சுற்றித் தூக்கிக்கொண்டு போக நேரமாகும். நடுவில் வேலி. வேலியை வெட்டினால் கார் இருபது யார் தூரம். இது ஒரு குழந்தைக்கும் விளங்கும். ஆனால் அந்த வேலிக்கு இரண்டு பக்கமும் நின்றது பதினொரு வருடம் பேசாத இரண்டு பேர்.

தமையன் சங்கிலிக்காரரிடம் சொன்னார்: "உங்கினை நிக்கிற ஆளிட்டைக் கேளும், வேலியை வெட்டலாமோ எண்டு. பிறகு நான்தான் வெட்டினதெண்டு கோட்டுக்குப் போவார்."

வேலிக்கு அப்பால் தம்பியும் சங்கிலிக்காரரிடமே சொன்னார்: "நான் வெட்டச் சொல்லேல்லை எண்டு சொல்லும். வெட்ட வேண்டாமெண்டும் சொல்லேல்லை."

"கதியாலிலை கைவைச்சால் எல்லை குழம்பும். ஐயா அளந்து முடியேல்லை" என்றார் தமையன்.

"ஐயா முடிஞ்சு போவார் போல கிடக்கு, அதைச் சொல்லும்."

நான் கிடந்தது சரியாக வேலியோரம். எல்லைக்கல்லின் நேர்கோடு எனக்குத் தெரியும்; வேலி அந்த இடத்தில் அதைவிட்டு விலகியிருந்தது. என் தோள் தமையனின் காணியிலும் கால் தம்பியின் காணியிலுமாகக் கிடந்தேன். எந்தப் பக்கத்தில் செத்தாலும் இவர்கள் அதற்கும் வழக்கு வைப்பார்கள் என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் கூடுதலாக இருந்தது. மனைவி நினைவு வந்தது. முருகன் படத்தில் வைத்த கையும் நினைவு வந்தது. தோற்றுவிட்டேன், இனி அலுமாரிதான், இனிக் கட்டில்தான் என்று நினைக்க அழுகை வந்தது. அழவும் மூச்சு இல்லை.

என் உதடு நீலமாவதைத் தமையன் கண்டிருக்கவேண்டும். அவர் வேலியைப் பார்த்து, யாரையும் இடையில் வைக்காமல், நேரே கத்தினார்:

"டேய் தம்பி! கத்தியை எடடா! என்ன பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?"

"எடுத்துத்தான் வைச்சிருக்கிறன் அண்ணை! நீ சொல்லட்டுமெண்டு நிண்டனான்!"

அந்தப் பக்கமிருந்து ஒருவரும் இந்தப் பக்கமிருந்து ஒருவருமாகக் கொடுவாக்கத்தியால் வெட்டினார்கள். ஓலையும் வரிச்சும் கதியாலும் பறந்தன. வேலியில் ஒரு பெரிய பொட்டு விழுந்தது. நாய் நுழைகிற பொட்டு இல்லை; ஆள் நிமிர்ந்து போகிற பொட்டு. தமையனின் விறாந்தையிலிருந்த சாய்மனைக் கதிரையைக் கொண்டுவந்து, அதில் என்னைக் கிடத்தி, ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமுமாகத் தூக்கினார்கள். கதிரை பொட்டில் இறுகியது. இன்னும் இரண்டு கதியாலை வெட்டித்தான் என்னை இழுத்தெடுத்தார்கள். "மெல்ல அண்ணை", "நீ பார்த்துப் போடா" என்று அவர்கள் கதைத்துக்கொண்டு போனது என் காதில் விழுந்தது.

காரில் பின்சீற்றில் சரிந்து கிடக்க, நடை நின்றதாலோ என்னவோ, மூச்சு மெல்ல மெல்ல வரத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிய காரை வீட்டுக்கு விடச் சொல்லிக் கை காட்டினேன். ஆனால் வீட்டு முற்றத்தில் இறக்கும்போது நான் நடக்கவில்லை. கூடவே வந்த சகோதரர்கள் கதிரையையும் காரின் மேல் கட்டிக் கொண்டு வந்திருந்தார்கள். அதிலேயே தூக்கிக்கொண்டு போய் விறாந்தையில் வைத்தார்கள். மனைவி வாசலில் நின்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது.

"காஸ் முடிஞ்சு போச்சம்மா" என்றார் சங்கிலிக்காரர்.

அவள் பையைப் பறித்து, சிலிண்டரை வெளியே எடுத்து, கையில் ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். பிறகு குமிழைப் பிடித்துத் திருகினாள். வரவில்லை. முந்தானையைச் சுற்றிப் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். ஊசி துள்ளி எழும்பி, பாதியில் போய் நின்றது. என் மூக்கில் காற்று வந்தது.

"முடியேல்லை. பூட்டியெல்லோ கிடக்கு!" என்றாள். "ஆர் பூட்டினது?"

சங்கிலிக்காரர் என்னைப் பார்த்தார். "ஐயாதான் பூட்டச் சொன்னவர். மூண்டு தரம் சொன்னவர்."

இரண்டு சகோதரர்களும் கதிரையின் இரண்டு பக்கமும் நின்று பார்த்தார்கள். எனக்குக் காற்று வந்ததும் முதலில் வந்தது கோபம். ரியூபைப் பூட்டச் சொன்னேன், ரியூபை, என்று கத்தினேன். "அப்ப கொழுவெண்டு சொல்லியிருக்கலாமே ஐயா" என்றார் அவர். உண்மைதான். கொழுவு என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல் எனக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மனைவி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர்கள் போனபிறகு மீற்றரைக் கழற்றினாள். அலுமாரிக்குப் போகிறாள் என்று நினைத்தேன். பேச்சுப் பேச்சுத்தான், நான் வாய் திறக்கவில்லை. அவள் அதைப் புடைவையால் துடைத்தாள்.

"நீங்கள் நடந்து வரேல்லை" என்றாள்.

"இல்லை."

"ஆனா அது வருத்தத்தாலை இல்லை. உங்கடை வாயாலை." திரும்பவும் மீற்றரைச் சிலிண்டரில் வைத்து இறுக்கினாள். "இனி நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு வருவன். ஏலாதெண்டால் சொல்லுங்கோ, அலுமாரி இருக்கு."

இப்படித்தான் நான் ஒரு சுமையைக் குறைக்கப் போய் இரண்டு சுமையைத் தேடிக்கொண்டேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பூட்டு என்ற சொல்லுக்குத் தடை. கதவைச் சாத்தவேண்டும், பைப்பை நிப்பாட்டவேண்டும், ரியூபைக் கொழுவவேண்டும். மறந்து சொன்னால் சமையலறையிலிருந்து குரல் வரும். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி என்னைக் காலையில் சொல்ல வைத்தாள்: கொழுவு, திற, கொழுவு, திற. ஊர்ச்சனம் படலையில் நின்று கேட்டுவிட்டு, மூளைக்கும் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

இரண்டு கிழமை கழித்து மிச்சத்தை அளக்கப் போனோம். மனைவி பையோடு எனக்குப் பின்னால் ஒரு முழத் தூரத்தில் நடந்தாள். முள்ளைக் கண்டால் எனக்கு முன்னால் வந்து விலக்கினாள். நான் எழுதும்போது வெளிச்சத்தை மறைக்காதே என்று ஏசினேன். அவள் ஊசியைப் பார்த்து நேரம் சொல்லிக்கொண்டிருந்தாள். வேலை ஒழுங்காக முடிந்தது. வேலி வடக்கு மூலையில் தம்பியின் பக்கம் ஒன்றரை அடி தள்ளியிருந்தது. தெற்கு மூலையில் தமையனின் பக்கம் ஒன்றரை அடி தள்ளியிருந்தது. பதினொரு வருடமாக இரண்டு பேரும் ஒருவரிடமொருவர் சரிசமமாகக் களவெடுத்திருக்கிறார்கள். அதைச் சொன்னபோது இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

ஆனால் பொட்டு அப்படியே திறந்து கிடந்தது. எல்லை காட்டவேண்டும், இதை ஏன் இன்னும் அடைக்கவில்லை என்று கேட்டேன்.

தமையன் தலையைச் சொறிந்தார். "உங்கடை வேலையள் முழுக்க முடியட்டும் ஐயா. நீங்கள் இன்னும் ரெண்டொரு தரம் வரவேண்டியிருக்கும். திரும்ப ஏதும் எண்டால், வழி வேணுமெல்லே."

"ஓம், அண்ணை சொல்லுறது சரி" என்றார் தம்பி.

பதினொரு வருடத்துக்குப் பிறகு இந்த இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட முதல் விஷயம், நான் எப்படியும் விழுந்து சாவேன் என்பதுதான். எனக்கு வந்த கோபத்தில் பொட்டைச் சங்கிலி போட்டு அளந்தேன். சரியாக மூன்றடி. சாய்மனைக் கதிரையின் அகலம். என் தொழிலில் அதற்கு முன்னும் பின்னும் நான் செய்யாத வேலை: பிளானில் எல்லைக்கோட்டை மூன்றடிக்கு நிறுத்தி, அதற்குப் பக்கத்தில் "பொட்டு" என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மனைவி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "வடிவாக் கிடக்கு" என்றாள்.

இது நடந்து நாலு வருடமாகிறது. ஒவ்வொரு வருடமும் வேலி அடைக்கிற காலத்தில் சண்டிலிப்பாயிலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வரும், தமையனோ தம்பியோ. கூச்சத்தோடு படலையில் நின்று, ஐயா எப்படி என்று விசாரிக்கும். நான் மூக்கில் ரியூபோடும் பின்னால் பையோடு வரும் மனைவியோடும் படலைக்குப் போவேன். அவர்கள் என்னைப் பார்ப்பார்கள். சரி ஐயா, அப்ப இந்த முறையும் அதை விட்டுவிட்டு மற்றதை அடைக்கிறோம் என்பார்கள். அந்தப் பொட்டால் இப்போது இரண்டு வீட்டுப் பெண்களும் கறிச்சட்டியோடு போய் வருகிறார்களாம். சீதனம் வாங்கிய பெண்ணின் பிள்ளை அதற்குள்ளால் தவழ்ந்து போகிறதாம்.

இந்த வருடமும் வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில். "ஐயா இருக்கிறாரோ?" என்று தமையன் மனைவியிடம் கேட்டது எனக்குக் கிணற்றடியில் கேட்டது. முப்பது அடிதான். நானே பையையும் தூக்கிக்கொண்டு நடந்து போய்ப் படலையில் நின்று ஏசினேன்.

"இருக்கிறன் எண்டு போய் வீட்டிலை சொல்லுங்கோ. பொட்டை அடையாதேங்கோ."